பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டார்களா? டெல்டாப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

போன் வந்த உடனே பீரோவைத் திறந்து பையனின் பள்ளிச் சான்றிதழைத் தேடுங்கள். வக்கீல், கவுன்சிலர், தெரிந்த ஏட்டையா எல்லாரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பதினெட்டு முடியவில்லை என்று காட்டும் ஒரு தாள் கையில் இருந்தால் பாதித் தூரம் கடந்த மாதிரி.

நான் பாபநாசம் பக்கத்தில் நீண்ட காலம் பள்ளி வாத்தியாராக இருந்தவன். ஓய்வுபெற்ற பிறகு சட்டப் பணிகள் குழுவில் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தேன். என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள் விஷயமாகவே இப்போது ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "சார், சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிடுவாங்களா?" பெரும்பாலும் அனுப்ப மாட்டார்கள். பிள்ளையை வீட்டோடு வைத்துத் திருத்த வேண்டும் என்பதுதான் சட்டத்தின் போக்கு. வீட்டாட்கள் பயந்துபோய் ஒதுங்கினாலோ, தவறான ஆளிடம் ஓடினாலோதான் காரியம் கெடுகிறது.

இரண்டு வாசல், ஒரே பெயர்

ஊரில் எல்லாரும் "போர்டு" என்றுதான் சொல்வார்கள். ஆனால் இருப்பது இரண்டு. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை போவது இளைஞர் நீதிக் குழுமத்துக்கு. அங்கே ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண். வீட்டை விட்டு ஓடிய பிள்ளை, பள்ளியை விட்டு வேலைக்குப் போகிற பிள்ளை, அடி உதைக்கு ஆளாகும் பிள்ளை, பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளை இவர்கள் போவது குழந்தைகள் நலக் குழுவுக்கு. அதில் தலைவரும் நான்கு உறுப்பினர்களும். வாசலை மாற்றிப் போய் ஒரு நாள் கூலியை இழந்தவர்கள் பல பேர். ஸ்டேஷன் விவகாரம் என்றால் குழுமம். ஸ்டேஷன் வரை போகாத விவகாரம் என்றால் குழு. இப்படி ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டையும் நடத்துவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய ஆட்களுக்கு ஒரு செய்தி: பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவிலேயே முதலில் வந்தது நம் மாகாணத்தில்தான், 1920இல். நூறு வருஷம் தாண்டியும் "சிறுவர் ஜெயில்" என்ற பேச்சு மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை.

முதல் 24 மணி நேரம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தப்புகள் எல்லாம் இங்கேதான் நடக்கின்றன.

சில வருஷத்துக்கு முன் குறுவை நடவு நேரத்தில் ஒரு அம்மா வந்தார். பையனுக்குப் பதினைந்து. வயல் போர் மோட்டாரிலிருந்து கேபிளை அறுத்து, கருவைக் காட்டுக்குள் கொளுத்தி, செம்புக் கம்பியைப் பழைய இரும்புக் கடையில் போட்டிருக்கிறார்கள். மூன்று பேர், இருவர் பள்ளிப் பையன்கள், ஒருவனுக்கு இருபத்து மூன்று. பையனின் விரல் நுனிகளில் ரப்பர் எரிந்த கருப்பு மறுநாள் வரை போகவில்லை. அம்மாவின் கையிலும் நாற்றங்கால் சேறு காயவில்லை. அப்பா திருப்பூரில். ஸ்டேஷனில் பையனின் வயதைப் பத்தொன்பது என்று எழுதியிருந்தார்கள். எப்படி? ஆதார் அட்டையில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று, வருஷமும் தப்பாக இருந்தது. நம் பக்கத்துப் பாட்டிகள் கையைப் பிடித்து அழைத்துப் போய் எடுத்த ஆதார்களில் பாதி இப்படித்தான்.

சட்டத்தின் 94ஆவது பிரிவு வயதுக்கு எதை ஏற்க வேண்டும் என்று வரிசைப்படுத்துகிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் நகராட்சியோ ஊராட்சியோ தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. அந்த வரிசையில் ஆதார் இல்லை. தலைமையாசிரியர் அரைப் பக்கத்தில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்ததும் வயது சரியாகிவிட்டது.

சரி, ஸ்டேஷனுக்குள் என்ன கேட்க வேண்டும்? ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் உண்டு. உதவி ஆய்வாளருக்கு ஒரு படி கீழே இருக்கும் ஏஎஸ்ஐ அந்தஸ்துக்குக் குறையாதவர். மரியாதையாக, குரல் உயர்த்தாமல், "சார், குழந்தைகள் நல அலுவலர் யாருங்க? போர்டுக்கு எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேளுங்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவரின் பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு போடக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் லீவு என்றெல்லாம் சாக்கு கிடையாது. குழுமம் கூடாத நாளில் அதன் உறுப்பினர் ஒருவர் முன் நிறுத்தலாம்.

எஃப்ஐஆர் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி, கொடிய குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோதான் பிள்ளை மேல் எஃப்ஐஆர். மற்றதெல்லாம் ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிவு, கூடவே குடும்பப் பின்னணி அறிக்கை. நான் சொன்ன பையன் விஷயத்தில் இருபத்து மூன்று வயதுக்காரன் இருந்ததால் எஃப்ஐஆர் போட்டார்கள். ஆனாலும் பிள்ளைகளையும் பெரியவனையும் ஒரே வழக்காக விசாரிக்க முடியாது. அவன் கோர்ட்டுக்கு, இவர்கள் குழுமத்துக்கு.

செய்யக் கூடாதவை சிலவும் உண்டு. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "நான் பேசி முடிச்சுத் தரேன்" என்று வரும் ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள். இதில் கட்ட வேண்டிய கட்டணம் எதுவும் இல்லை. அப்பாமார்களுக்கு ஒன்று: ஸ்டேஷன் வாசலிலேயே பையனை அறைந்து நாம் கண்டிப்பான ஆள் என்று காட்ட நினைப்பீர்கள். அங்கே யாரும் மெச்ச மாட்டார்கள். "வீட்டில் அடி உண்டு" என்று அறிக்கையில் ஒரு வரி ஏறினால், பையனை வீட்டுக்கு அனுப்பலாமா என்றே யோசிப்பார்கள்.

வக்கீல் இலவசம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு 15100 என்ற எண்ணில் போன் போடலாம். பிள்ளைகளுக்கு வருமானச் சான்று எல்லாம் கேட்க மாட்டார்கள்.

குழுமத்தில்

சினிமாவில் பார்க்கிற கோர்ட்டை மறந்துவிடுங்கள். மேடை, கூண்டு எதுவும் வைக்கக் கூடாது என்பது விதி. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் பையனும் நீங்களும்.

முதல் நாளே ஜாமீன் கேட்கலாம். பெரியவர்களுக்கு ஜாமீன் கிடைக்காத குற்றமாக இருந்தாலும் பிள்ளைக்குக் கொடுப்பதுதான் வழக்கமான நிலை. வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேருவான், அவனுக்கே ஆபத்து வரும், நியாயம் கெட்டுப்போகும் என்று தோன்றினால் மட்டும் மறுப்பார்கள். மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். ஆகவே கையோடு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: பையன் இனி எங்கே தூங்குவான், யார் பொறுப்பு? அந்தச் செம்புக் கம்பிப் பையனின் அம்மா, மன்னார்குடியில் இருக்கும் தாய்மாமனைக் கையோடு கூட்டி வந்திருந்தார். "ஆறு மாசம் என் வீட்டுல இருக்கட்டும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று அவர் குழுமத்தின் முன் சொன்னது பத்துப் பக்க மனுவை விடப் பலமாக இருந்தது. ஜாமீன் நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியாவிட்டால், திரும்பக் குழுமத்தின் முன் நிறுத்தி அதைத் தளர்த்தச் சொல்லலாம். இது பல பேருக்குத் தெரியாமல் பிள்ளை உள்ளேயே கிடக்கிறான்.

ஜாமீன் இல்லையென்றால் கூர்நோக்கு இல்லம். நம் பக்கத்துக்குத் தஞ்சாவூரில் அரசு கூர்நோக்கு இல்லம் இருக்கிறது. இது விசாரணை முடியும்வரை தங்க வைக்கிற இடம். தண்டனை இடம் கிடையாது. சேர்க்கும் அன்றே பார்வை நாள் எது, யார் யார் வரலாம், என்ன கொண்டுவரலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பார்க்கப் போகும்போது உடம்பில் காயம் தெரிந்தால் அங்கேயே சண்டை போடாமல், அடுத்த வாய்தாவில் குழுமத்திடம் நேரடியாகச் சொல்லுங்கள். இந்த இல்லங்கள் எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 2022 கடைசி நாளில் செங்கல்பட்டு இல்லத்தில் ஒரு பதினேழு வயதுப் பையன் இறந்து, அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட வேண்டி வந்தது. ஆகவே போகாமல் விட்டுவிடாதீர்கள். வாரம் தவறாமல் ஆள் வருகிற பிள்ளையைத் தொடுவதற்கு யாரும் யோசிப்பார்கள்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வரும் நாள்

இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை வேண்டும். அதை எழுதுகிறவர் நன்னடத்தை அலுவலர். அவர் வரும் நாளை ஏதோ போலீஸ் சோதனை மாதிரி நினைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு.

நான் கூட இருந்த ஒரு வீட்டில், வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து முதலில் கேட்டது தண்ணீர். அப்புறம் பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தார். பையன் ராத்திரி எத்தனை மணிக்கு வருகிறான்? எங்கே படுக்கிறான்? செல்போன் யார் வாங்கித் தந்தது? கடைசியாக எப்போது பள்ளிக்குப் போனான்? பாட்டி ஒளிக்காமல் சொன்னார்: "எட்டாவதுக்கு மேல போகலய்யா. கணக்கு வாத்தியாரு எல்லார் முன்னாடியும் அடிச்சாரு, அன்னியோட சரி." இந்த ஒரு வாக்கியம்தான் அறிக்கையின் போக்கையே மாற்றியது. திருட்டுக்குப் பின்னால் பள்ளியை விட்ட கதை இருக்கிறது என்று எழுதினார்; குழுமமும் பையனைத் திரும்பச் சேர்க்கும் வழியைப் பார்த்தது.

உண்மையைச் சொல்லுங்கள். "எம் புள்ள தங்கம்" என்று சாதிப்பதால் பயன் இல்லை. குடி, கஞ்சா பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பழக்கம் இருக்கிறது, இன்ன மருத்துவமனையில் காட்டுகிறோம் என்பது பையனுக்குச் சாதகமாகத்தான் எழுதப்படும்.

விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும். மிஞ்சினால் இன்னும் இரண்டு மாதம். மூன்று வருஷம் வரைதான் தண்டனை உள்ள சிறு குற்றம் என்றால், அந்த ஆறு மாதமும் தாண்டிவிட்டால் வழக்கே முடிந்துவிடும். சாதாரணத் திருட்டு இந்த வகையில்தான் வரும். நாளை எண்ணிக்கொண்டிருங்கள், வக்கீலுக்கும் ஞாபகப்படுத்துங்கள்.

வாய்தா நடவு நாளிலோ அறுவடை நாளிலோ விழுந்தால் முன்கூட்டியே நன்னடத்தை அலுவலரிடம் சொல்லித் தேதி மாற்றக் கேட்கலாம். சொல்லாமல் வராமல் மட்டும் இருக்காதீர்கள்.

கடைசியில் குழுமம் என்ன சொல்லும்? புத்திமதி சொல்லி அனுப்பலாம், மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து நடத்தும் குரூப் கவுன்சலிங்குக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோருக்கு அபராதம் போடலாம், மூன்று வருஷம் வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டுக்கு விடலாம். இதற்கெல்லாம் அப்புறம்தான் ஊரில் சீர்திருத்தப் பள்ளி என்று சொல்லும் சிறப்பு இல்லம், அதுவும் மூன்று வருஷத்துக்கு மேல் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கு அது செங்கல்பட்டில். உத்தரவு பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

ரொம்பப் பெரிய வழக்கு என்றால்

குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம் அல்லது அதற்கு மேல் என்றிருக்கும் குற்றத்தைச் சட்டம் கொடிய குற்றம் என்கிறது. பையனுக்குப் பதினாறு முடிந்திருந்தால், அவன் மன நிலையையும் விளைவு புரிகிற திறனையும் மூன்று மாதத்துக்குள் மதிப்பிட்டு, பெரியவன் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முடிவு செய்யும். கொலை மட்டும் இதில் வரும் என்று நினைக்காதீர்கள். பதினேழு வயதுப் பையன் பதினாறு வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு ஓடிவிட்டான் என்றால், ஊர்ப் பஞ்சாயத்தில் அது காதல், சட்டத்தில் போக்சோ. இப்படிப்பட்ட வழக்கில் மட்டும் முதல் மணி நேரத்திலேயே வக்கீல் வேண்டும். எந்த வழக்கானாலும் பிள்ளைக்குத் தூக்கோ, வெளியே வரவே முடியாத ஆயுள் தண்டனையோ கிடையாது.

சரக்கு ஏற்றிவிடும் பெரியவர்கள்

நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்தில் இது தனிக் கதை. காரைக்கால் எல்லை தாண்டினால் சாராயம் மலிவு. பைக்கில் பையனை அனுப்பினால் பிடித்தாலும் சின்னப் பையன் என்று விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு டிரிப்புக்கு இவ்வளவு என்று கையில் காசு கொடுத்தால் பள்ளிக்கூடம் கசக்கத்தானே செய்யும். பிள்ளையை வைத்து மது, போதைப் பொருள் கடத்துகிறவருக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு என்கிறது 78ஆவது பிரிவு. பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தாலே 77ஆவது பிரிவில் அதே அளவு. அனுப்பியது யார் என்று பையன் சொல்லத் தயங்குவான், பயம். குழுமத்தில் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். அங்கே சொல்வான்.

பைக் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு ஆகாத பையன் ஓட்டி விபத்தானால் வண்டி உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. சாவியை எடுத்து ஒளித்து வையுங்கள்.

பிடிபடும் முன்பே போகலாம்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. பள்ளிக்குப் போகாமல் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்காகவும் அரசு அலுவலகம் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

அதன் பெயர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று மாவட்டத்துக்கு ஒன்று. எங்கே என்று தெரியாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். அல்லது 1098க்குப் போன் போடுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். போய், "பையன் கெட்டுப் போறான், என்ன செய்யறதுன்னு தெரியல" என்று சொன்னால் போதும். ஆலோசகர் இருப்பார், வீட்டுக்கும் வருவார். தேவைப்பட்டால் குழந்தைகள் நலக் குழுவிடம் கொண்டு போவார்கள்.

பணக் கஷ்டம்தான் காரணம் என்றால் மிஷன் வத்சல்யா என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் நிதி ஆதரவு கேட்கலாம். மாதம் 4,000 ரூபாய். கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளை, தாத்தா பாட்டியிடம் வளரும் அநாதைப் பிள்ளை, பெற்றோர் தீராத நோயில் இருக்கும் பிள்ளை இவர்களுக்கு. வருட வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மனுக் கொடுத்த மறு மாதமே வரும் என்று நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள், இழுக்கும்.

போதைப் பழக்கத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அப்புறம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. "பைத்தியக்கார ஆஸ்பத்திரி" என்று சொல்லிப் பையனை மிரட்டாமல் கூட்டிப் போங்கள்.

பள்ளி டிசியைக் கொடுத்துத் துரத்தினால், பதினாலு வயது வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் கல்வித் துறை எண் 14417. படிப்பு ஏறவே இல்லை என்றால் ஐடிஐ. எட்டாவது முடித்தாலே வயர்மேன், வெல்டர் மாதிரித் தொழில்களில் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்து முடித்துவிட்டு மேலே சேர்கிற ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன், பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், மாதம் 1,000 ரூபாய். செம்புக் கம்பிப் பையன் போய்ச் சேர்ந்தது வயர்மேன் பிரிவில். நடுவில் ஆறு வாரம் போகாமல் நின்றான், மாமன் போய் இழுத்து வந்தார். "அறுத்துப் பழகின கை சார், இப்ப ஜாயின்ட் அடிக்குது" என்று சிரித்தான்.

இல்லத்தில் வளர்ந்து பதினெட்டு முடிந்து வெளியே வரும் பிள்ளைக்கு இருபத்தொரு வயது வரை பின்தொடர் பராமரிப்பு உண்டு, சில நேரம் இருபத்துமூன்று வரை. அதையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலேயே கேட்க வேண்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு மஞ்சப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, பெற்றோர் ஆதார், பையனின் கடைசி மதிப்பெண் பட்டியல், ஏதாவது வைத்தியம் பார்த்திருந்தால் அந்தச் சீட்டு, எல்லாவற்றிலும் மூன்று ஜெராக்ஸ். பொறுப்பேற்கும் உறவினரின் ஆதாரும் ஒன்று. வாய்தா தேதிகளைக் குறிக்க ஒரு சின்ன நோட்டு. அதில் பேசியவர் பெயர், பதவி, நேரம் எல்லாம் எழுதி வையுங்கள்.

யூடியூப் ஆட்களோ உள்ளூர் வாட்ஸ்அப் குரூப்போ பையனின் படத்தைப் போட்டால் விடாதீர்கள். பெயர், ஊர், பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்பது 74ஆவது பிரிவு; மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுமத்திடம் காட்டுங்கள்.

வழக்கு முடிந்ததும் உத்தரவின் நகலை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். குழுமம் விசாரித்து முடித்த வழக்கால் பிள்ளைக்கு எந்தத் தகுதிக் குறைவும் வராது, பதிவுகளும் உரிய காலத்துக்குப் பிறகு அழிக்கப்பட வேண்டும் என்று 24ஆவது பிரிவு சொல்கிறது. பதினாறு தாண்டிப் பெரியவன் போல விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. நாலு வருஷம் கழித்து வேறொரு திருட்டுக்கு ஊர்ப் பையன்களை வரிசையாக அழைக்கும்போது, உங்கள் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றால், அந்த நகலைத்தான் முதலில் எடுத்துக் காட்ட வேண்டும்.